புது எஞ்சினின் சத்தம்

விசுவமடுவில் என் வளவில் நானே கட்டிய சிறு விமானத்துக்கு, முதலில் தண்ணீர் இறைக்கும் மெசினின் எஞ்சினைத்தான் பூட்டியிருந்தேன். அதை இயக்கினால், யாரோ தோட்டத்துக்கு இறைக்கிறார்கள் என்று ஊர் பேசாமல் இருந்துவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று நாள் இருப்புக்கொள்ளாமல் அதைக் கழற்றி, வலுவான வேறொன்றைப் பூட்டி இயக்கினேன். இந்த முறை அசல் விமானச் சத்தம்.

வேலிக்கு அப்பால் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. வானத்தைப் பார்த்தார். பிறகு, சண்டைக் காலத்தில் குண்டுவீச்சுக்குப் பதுங்கிய பங்கரை மூடி வாழை நட்டிருந்த மூலையைப் பார்த்தார்.

எஞ்சினை நிறுத்தினேன்.

“என்ரை பிளேன்தான் அக்கா, பயப்பிடாதேங்கோ,” என்றேன்.

“ஓம், தெரியும். நீயும் மேலைதானே பாத்தனீ,” என்றார்.