ஐம்பது பேர் கல்யாணம்

காலை ஆறு பத்துக்குக் கல்யாண மண்டபத்தின் வாசலில் முதலில் கண்ணில் பட்டது, கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து நின்ற ஒரு வேன். அதிலிருந்து இறங்கியவர்களை எண்ணினேன். இருபத்தாறு வருஷம் செய்தித்தாள் அலுவலகத்தில் வேலை பார்த்தவனுக்குக் கூட்டம் என்று ஒன்றைப் பார்த்தால் எண்ணாமல் இருக்க முடியாது. பத்தொன்பது பேர். இடுப்பில் இருந்த இரண்டு குழந்தைகளைச் சேர்க்கவில்லை.

என் சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. அதில் ஐம்பது பெயர்கள். பெண் வீட்டுக்கு இருபத்தைந்து, மாப்பிள்ளை வீட்டுக்கு இருபத்தைந்து. அந்த வேனில் வந்தவர்களில் ஒருவருடைய பெயர் மட்டும்தான் அதில் இருந்தது. அவர் கடைசியாக இறங்கினார். என் அக்கா வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற விவசாயி, எழுபதைத் தாண்டியவர்.

“இன்னொரு வேன் பின்னாடி வருது தம்பி. டீசல் போட நின்னுட்டான்” என்றார்.

கல்யாணம் என் அக்காவின் இரண்டாவது மகளுக்கு. ஐம்பது பேர் என்பது அவளுடைய நிபந்தனை. அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல, அவளுடைய அக்கா கல்யாணத்துக்குப் போக வேண்டும்.

அது ஊரடங்கு காலத்தில் நடந்தது. ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்று அரசு சொல்லியிருந்தது. முகூர்த்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் தாலுகா அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து நாற்காலி நாற்காலியாக எண்ணினார். ஐம்பத்தொன்று வந்தது. மறுபடி எண்ணினார், அதேதான். யாராவது ஒருவர் வெளியே போக வேண்டும். எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். கடைசியில் தாய்மாமனான நான் எழுந்து போய் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றேன். கெட்டிமேளச் சத்தத்தை வைத்துத்தான் தாலி கட்டியாயிற்று என்று தெரிந்துகொண்டேன்.

எனக்கு அந்தக் கல்யாணத்தில் நினைவிருப்பது ஜெனரேட்டர். இரண்டாவது மகளுக்கு நினைவிருப்பது பொங்கல். தாலி கட்டிய பத்தாவது நிமிஷம் அவளுடைய அக்கா மேடையை விட்டு இறங்கிவிட்டாள். மாப்பிள்ளையோடு முதல் பந்தியில் உட்கார்ந்து, நெய் மிதக்கிற பொங்கலை ஆவி பறக்கச் சாப்பிட்டாள். இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாள். பக்கத்து இலையில் இருந்த தங்கை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊரடங்கு முடிந்தது. அவளுடைய சிநேகிதிகளின் கல்யாணங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றிலும் பெண் மேடையிலேயே மூன்று மணி நேரம் நின்று, வருகிறவர்களோடெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு, கடைசிப் பந்தியில் ஆறின பொங்கலை விரலால் பிட்டுச் சாப்பிட்டாள். ஆறின பொங்கல் எப்படி இருக்கும் என்று தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இவளுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. திருவண்ணாமலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். கொரோனா நேரத்தில் இவள் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். சொந்தக்காரர்களே எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள்.

“அன்னிக்கு என்னப் பாத்து ரோட்டத் தாண்டிப் போனவங்கதான் மாமா. இன்னிக்கு என் தோள்ல கை போட்டு போட்டோ எடுக்கணுமாம்” என்று என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பெண் பார்க்க வந்து போன அன்றே அப்பாவிடம் பேசிவிட்டாள். இரண்டு பக்கமும் சேர்த்து ஐம்பது பேர். முதல் பந்தியில் அவளும் மாப்பிள்ளையும் சூடாகச் சாப்பிட வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை. நகையைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. அவர் அவளுடைய கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அவர் உடனே ஒப்புக்கொண்டதில் ஆச்சரியமில்லை. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் வாழ்க்கையில் மிகவும் நிம்மதியாக இருந்தது ஊரடங்கு காலத்தில்தான் என்று வெளிப்படையாகச் சொல்கிற மனிதர். அவருடைய கட்சி, ஐம்பது பேர் என்கிற விதியை அரசு எடுத்தே இருக்கக் கூடாது என்பது. முகக்கவசம் வேண்டாம், கிரிவலத்துக்குத் தடை வேண்டாம், கடைகளை எப்போது வேண்டுமானாலும் திறக்கட்டும், கல்யாணத்துக்கு ஐம்பது, காதுகுத்துக்கு இருபது, புதுமனைப் புகுவிழாவுக்குப் பத்து என்று மட்டும் நிரந்தரமாக ஒரு ஆணை வேண்டும்.

“ஜி.ஓ.ன்னு ஒண்ணு இருந்தா நாம தப்பிச்சோம் மச்சான். இல்லன்னா ஒவ்வொருத்தனுக்கும் நானே பதில் சொல்லணும்” என்பார்.

இதைப் பத்திரிகைக்கு வாசகர் கடிதமாக எழுதச் சொல்லி என்னிடம் ஒரு முழு நோட்டுத் தாளைக் கொடுத்தார். நான் திருத்தித் திருத்தி இரண்டு வாக்கியமாக்கினேன். பிறகு அதையும் அனுப்பவில்லை. அவருடைய வாதத்தில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை என்பதுதான் சங்கடம். அந்த நாட்களில் இந்த ஊர் செய்துகொண்ட ஏற்பாடுகளில் இன்று மிச்சம் இருப்பவற்றை நான் கவனித்து வைத்திருக்கிறேன். மளிகைக் கடை வாசலில் வரைந்த வட்டங்களில் ஒன்றரை தெரிகிறது. செங்கம் சாலையில் ஒரு விடுதி வாசலில் காலால் மிதித்துக் கை கழுவுகிற தொட்டியில் ரோஜாச் செடி வைத்திருக்கிறார்கள். ‘முகக்கவசம் இல்லையேல் அனுமதி இல்லை’ என்ற பலகைக்கு மேல் ‘அறை காலி இல்லை’ என்று ஒட்டியிருக்கிறார்கள். எதுவும் வேலை செய்யவில்லை. இவர் வேலை செய்கிற ஒன்றையாவது வைத்துக்கொள்ளலாம் என்கிறார்.

பட்டியலை வெட்டுகிற வேலை எனக்கு வந்தது. அக்கா எழுதி வைத்திருந்ததில் பெண் வீட்டுப் பக்கம் மட்டும் அறுநூறு பெயர்களுக்கு மேல் இருந்தன. செய்தியை வெட்டுவது சுலபம். முக்கியமானது மேலே இருக்கும், கீழிருந்து வெட்டிக்கொண்டு வரலாம். அக்காவின் பட்டியலில் கீழே என்று ஒரு இடமே இல்லை. நான் யார் பெயரின் மேல் பேனாவை வைத்தாலும், அவர் வீட்டுக் கல்யாணத்தில் நாம் சாப்பிட்டதை நினைவுபடுத்தினாள். எந்த மண்டபம், என்ன பாயசம் என்பது வரைக்கும் சொன்னாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இருபத்தைந்துக்குக் கொண்டுவந்தோம். அச்சகத்திலிருந்து அழைப்பிதழின் மாதிரி வந்திருந்த கடைசி நாள், அக்கா எந்தப் பாயசத்தையும் நினைவுபடுத்தவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அழைப்பிதழின் அச்சுப்பிழையும் நான்தான் பார்த்தேன். மூன்று தடவை படித்தேன். தமிழ்த் தேதி ஒரு நாள் தப்பாக இருந்ததைக் கண்டுபிடித்தேன். மாப்பிள்ளையின் தாத்தா பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று இருந்தது, அவர் உயிரோடு இருந்தார், எடுத்தேன். ஒரு காற்புள்ளியையும் நகர்த்தினேன். ஐம்பது பிரதி அச்சாகி, ஐம்பது வீட்டுக்குப் போயிற்று. வெட்டுப்பட்டவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று நாங்கள் காத்திருந்தோம். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. இந்த ஊர் மாறிவிட்டது என்று அக்கா வீட்டுக்காரர் என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் காலை ஆறு பத்து.

இரண்டாவது வேனும் வந்து நின்றது. அதற்குப் பின்னால் ஒரு டாடா ஏஸ். பெரியவர் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, தன் அழைப்பிதழைப் பையிலிருந்து எடுத்தார். அக்கா வீட்டுக்காரர் ஓடி வந்து, ஐம்பது பேர் என்று சொல்லியிருந்தோமே என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார். பெரியவர் அழைப்பிதழை அவரிடம் நீட்டி, கடைசி வரியில் விரலை வைத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ‘தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம்.’

“சுத்தமும் வந்துடுச்சு, நட்பும் வந்துடுச்சு. சூழ்றதுக்கு எடம் எங்கன்னு சொல்லு” என்றார் பெரியவர்.

எல்லா அழைப்பிதழிலும் இருக்கிற வரி. அச்சகத்தில் அதைத் தனியாக யாரும் எழுதிக் கொடுப்பதில்லை, பிள்ளையார் படத்தைப் போல அது தானாகவே வந்துவிடும். தினமும் ஒரே இடத்தில் வருகிற எதையும் கண் படிப்பதில்லை. நாளிதழின் கடைசிப் பக்கத்தில், அச்சிட்டவர் வெளியிட்டவர் என்று அடியில் வருகிற வரியை நான் இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளும் படித்ததில்லை. ஐம்பது வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். ஒவ்வொரு வீடும் தான் அழைத்து வர வேண்டியவர்களை அழைத்து வந்திருந்தது. நாங்கள் வெட்டிய பெயர்கள் எல்லாம், வெட்டாத பெயர்களின் வேனில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

பெரியவர் பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “போன தடவ சர்க்கார் வரக்கூடாதுன்னுச்சு. நான் கோச்சிக்கல. வீட்ல உக்காந்து போன்ல பாத்தேன். இந்தத் தடவ நீ வரக்கூடாதுன்னா, அது வேற இல்லியா?”

அக்கா வீட்டுக்காரர் அழைப்பிதழை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். இந்தக் கேள்வி வராமல் இருக்கத்தான் அவர் ஆணை கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் சமையல்கட்டுக்கு ஓடினேன், ஐம்பது பேருக்கான சாப்பாட்டை என்ன செய்வது என்று கேட்க. அங்கே மூன்று பெரிய அண்டாவில் பொங்கல் வெந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அக்கா நின்று உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்நூறு பேருக்குச் சொல்லியிருந்ததாகச் சமையல்காரர் சொன்னார். நான் அக்காவைப் பார்த்தேன்.

“நீ மூணு தடவ படிச்ச. நான் மொத தடவயே பாத்துட்டேன்” என்றாள்.

மணப்பெண் அறையின் ஜன்னல் வாசலைப் பார்த்திருந்தது. நான் போனபோது அவள் தலையில் பூவோடு அங்கே நின்று, இறங்குகிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வரியைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அப்படிப்பட்ட பெண் இல்லை என்பது எனக்கே தெரியும், ஆனாலும் நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றுதான். முதல் பந்திக்கு எத்தனை இலை போடுவார்கள் என்று கேட்டாள். நூற்றிருபது என்றேன். சரி என்றாள்.

ஏழே முக்காலுக்குத் தாலி கட்டினார்கள். இந்த முறை நான் மேடையிலேயே நின்றேன். அட்சதை தூவி முடிந்ததும் போட்டோவுக்கான வரிசை மேடைப் படியிலிருந்து மண்டபத்தின் வாசல்வரை நீண்டது. முதலில் ஏறியவள் அக்கா வீட்டுக்காரரின் தங்கை. பெண்ணின் தோளில் கை போட்டுக்கொண்டு காமிராவைப் பார்த்துச் சிரித்தாள். அப்போது பெண் இருமினாள்.

பெரிய இருமல் இல்லை. கையை மடித்து முழங்கையில் இருமினாள், அந்த நாட்களில் நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தபடி. பிறகு பட்டுப்புடவையின் இடுப்பிலிருந்து ஒரு நீல நிற முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“ஒண்ணும் இல்ல அத்தை. நாலு நாளா லேசா ஜுரம். எங்க லேப்ல ரெண்டு பேருக்கு வந்துக்குது. என்னான்னு இன்னும் ரிசல்ட் வரல” என்றாள். முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்தாலும் குரல் மூன்றாவது படிவரைக்கும் கேட்டது.

அத்தையின் கை தோளிலிருந்து இறங்கியது. மாப்பிள்ளை தன் மனைவியை ஒரு தரம் பார்த்தார். பிறகு அவரும் இருமினார். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பையனைப் பற்றி எனக்கு அந்த இடத்தில்தான் நல்ல அபிப்பிராயம் ஏற்பட்டது.

வரிசை கலைந்த விதத்தை நான் கவனித்தேன். யாரும் ஓடவில்லை. ஒருவர் செல்போனை எடுத்துக் காதில் வைத்தார். ஒரு அம்மா பேரனைத் தேடப் போனார். நாலைந்து பேர் இருந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தார்கள். ஐந்து நிமிஷத்தில் மேடைக்கும் முதல் மனிதருக்கும் இடையில் நல்ல இடைவெளி இருந்தது. ஜனங்கள் எங்கே போனார்கள் என்றால் எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள். இருமலுக்குப் பயந்து யாரும் பொங்கலை விட்டுவிட்டு ஊருக்குப் போவதில்லை. நூற்றிருபது இலையும் நிறைந்தது. ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் அடுத்த பந்திக்கு ஒருவர் இடம் பிடித்து நின்றார்.

அக்கா வாசற்படியில் நின்று அதைப் பார்த்துச் சிரித்தாள். ஜெயித்துவிட்டதாக நினைத்தாள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு கூடத்துக்குள் வந்தார்கள். நடு வரிசையில் நடந்தார்கள். அவள் அங்கங்கே நின்று, சாப்பிட உட்கார்ந்தவர்களை விசாரித்தாள், இடையிடையே இருமினாள். அவள் தாண்டிய பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அடுத்த பந்தியில் பார்த்துக்கொள்ளலாம், சர்க்கரை மாத்திரை போட மறந்துவிட்டது, வேன் டிரைவரைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று ஆளுக்கு ஒரு காரணம். பின்னால் நின்றவர்களும் அவர்களோடு போனார்கள். மாப்பிள்ளை வீட்டு வரிசையிலும் அதே காரணங்கள்தான்.

நடு வரிசையின் நடுவில் அவர்கள் உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கமும் நாலு நாலு இலை காலியாக இருந்தது. பெரியவர் மட்டும் எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இருமு, இருமு. நான் ரெண்டு ஊசியும் போட்டுக்கினவன். இங்க பொங்கல் வைங்கப்பா” என்றார்.

அவள் முகக்கவசத்தைக் கழற்றி மாலைக்குள் செருகினாள். பொங்கலில் ஆவி வந்துகொண்டிருந்தது. இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாள். மாப்பிள்ளை வடை கேட்டார்.

அக்கா வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்று, எத்தனை மச்சான் என்றார். நான் ஓரத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தேன். அந்தப் பந்தியில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்து நாற்பத்தேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.