திலகமும் பலகைப் பள்ளிக்கூடமும்

மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று. திலகம் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அங்கேதான். நாற்றுப் பண்ணையில் பைகளில் மண் நிரப்புகிறாள். அவள் படித்த தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, வெள்ளைக்காரன் காலத்துப் பலகைக் கட்டடம். அதே கட்டடத்தில்தான் மகள் ஷாமளா மூன்றாம் ஆண்டு படிக்கிறாள்.

போன மழைக்காலத்தில், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே கரையான் அரித்த கூரைப் பலகை பெயர்ந்து ஷாமளாவின் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்தது. திலகம் நேரே தலைமையாசிரியை கலாவதியிடம் போனாள்.

"புதுக் கட்டடம் எப்பவோ வந்திருக்கணும்மா," என்றார் கலாவதி. "முன்னாள் மாணவர் சங்கம்தான் மறிக்கிறாங்க. பழசைத் தொடக்கூடாதாம்."

சங்கத் தலைவர் சிவநாதன், அந்தக் காலத்தில் தோட்டத்துக் கணக்கெழுதிய கிராணி வீட்டுப் பிள்ளை. இப்போது கோலாலம்பூரில் பல் மருத்துவர். அந்த மாதமே பள்ளியில் விழா வைத்து, "இது நம்ம அடையாளம். ஒரு ஆணியைக்கூடப் பிடுங்க விடமாட்டோம்," என்று பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். திலகம் எழுந்தாள்.

"உங்க பிள்ளைங்க எங்க படிக்கிறாங்க, டாக்டர்?"

"அது வேற விஷயம்மா."

"வேற இல்ல லா. அதான் விஷயம்."

"இங்க படிச்சுத்தான் நான் டாக்டரானேன். நன்றி வேணும்மா."

"நானும் இங்கதான் படிச்சேன். மண்ணு அள்ளுறேன். உங்களுக்கு ஞாபகம் வேணும்னா படம் புடிச்சு வீட்டுல மாட்டிக்குங்க. எங்க பிள்ளைங்க தலைக்கு மேல தொங்கவிடாதீங்க!"

யாரோ அவளை உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை, வெளியேறினாள்.

திங்கட்கிழமை காலை அவளும் மற்றத் தாய்மார்களும் பிள்ளைகளை வகுப்புக்குள் விடவில்லை. மேசை நாற்காலிகளைத் திடலுக்குத் தூக்கிவந்து கூடாரம் கட்டினார்கள். மழை பெய்தது, பிள்ளைகள் நனைந்தார்கள். "வேலை போயிடும்டி," என்று கணவன் குமரவேல் கெஞ்சினான். திலகம் அசையவில்லை. வாரக் கடைசியில் கல்வி இலாகா அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுக் கட்டடத்தைப் பூட்டினார்கள். தற்காலிக வகுப்புக்கு இரண்டு இரும்புக் கேபின் வந்தது.

உள்ளே சூடு பொறுக்க முடியாது. புதுக் கட்டடம் இன்னும் வரவில்லை. சங்கமோ பலகைக் கட்டடத்தின் முகப்புக்குச் சாயம் பூசிப் பெயர்ப்பலகை மாட்டிவிட்டது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தாய்மார்கள் திலகத்தைச் செயலாளர் ஆக்கினார்கள். அன்றிலிருந்து மாதம் தவறாமல் மாவட்டத் தலைநகரான கோலசிலாங்கூருக்குப் பஸ் ஏறி அதிகாரிகளைப் பார்க்கிறாள்.

"அடுத்த மாசம் வாங்கம்மா," என்கிறார்கள்.

"வருவேன். கட்டுற வரைக்கும் வருவேன்," என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத் திரும்புகிறாள்.