தாராக்கா சிரித்த படம்

தாராபாய் அக்காவோடு நடித்தவர்களுக்கும் வேலை பார்த்தவர்களுக்கும்,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். என் மகள் கயல் தூங்கினால்தான் எனக்குக் கை ஒழிகிறது. பல் முளைக்கிற காய்ச்சலில் சிணுங்கிவிட்டு இப்போதுதான் கண் அசந்தாள். எழுத்து கோணலாகத் தெரிந்தால், இன்னொரு கை தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் இதை ஜெராக்ஸ் எடுத்து, அக்காவின் டைரியில் முகவரி இருக்கிற எல்லோருக்கும் தபாலில் போடப் போகிறேன். உங்களில் பலருக்கு என்னைத் தெரிந்திருக்காது. மதுரை கோச்சடையில் அக்கா வீட்டு மாடியில் நான்கு வருடமாகக் குடியிருக்கிறவள் நான்.

போன திங்கட்கிழமை காலை பரமக்குடியிலிருந்து அவருடைய தம்பி மகன் போன் செய்தார். "தாரா அத்தை தவறிட்டாங்க" என்றார். நான் கயலுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே, "எந்தப் படத்துக்கு? சாயங்காலம் வந்துருவாங்களா?" என்று கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை வேறு எந்த வீட்டிலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எனக்கு அது பழகிய சேதி. மாடிப்படியின் கீழிருந்து அவ்வப்போது அக்கா குரல் கொடுப்பார்: "ஏய், இன்னிக்குத் திருப்பரங்குன்றத்துப் பக்கம் சாகுறேன். மூணு மணிக்கெல்லாம் வந்துருவேன். ரசம் மட்டும் வச்சிரு."

தம்பி மகன், "படம் இல்லக்கா. நெசமாவே" என்றார்.

கல்யாண வீட்டுக்குப் போன இடத்தில், தூக்கத்திலேயே போயிருக்கிறார். இதயம் என்று டாக்டர் சொன்னாராம். நான் கயலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் பரமக்குடி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கூடத்தில் விளக்கு வைத்து, அக்காவின் படத்தை மாட்டியிருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகையே வந்தது. துக்கத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

அது அக்காவின் படமே இல்லை. ஏதோ ஒரு சினிமாவில் கதாநாயகனின் செத்துப்போன தாய் என்று சுவரில் மாட்டுவதற்காக எடுத்த படம். வெள்ளை விக், கன்னத்தில் பென்சிலால் வரைந்த சுருக்கம், சிரிப்பே இல்லாத முறைப்பு. மறுநாள் பேப்பரிலும் அதுவே வந்தது. வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. தேடியவர்களுக்கு, அந்தப் படத்தின் ஒரு பிரதியைத் தவிர வேறு எதுவும் அங்கே கிடைக்கவில்லை. சினிமா கம்பெனியில் ஃபிரேம் போட்டுக் கொடுத்த படத்தை அக்கா கோச்சடை வீட்டில் பல வருடம் தண்ணீர் டிரம்முக்கு மூடியாக வைத்திருந்தார். "கண்ணாடி நல்லாருக்குடி, எறிய மனசு வரல" என்பார். ஒரு நாள் டிரம்மில் தண்ணீர் மொண்டுகொண்டே சொன்னார்: "நான் போனப்புறம் இதைத் தூக்கி மாட்டிறாதீங்க. மாலையும் பொட்டும் அவளுக்குப் போகும். நான் வாசல்ல நிக்கணும்."

அதைச் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். அதனால் இது என் பொறுப்பு.

அவரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். நெசவு வீட்டில் பிறந்து, வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசி வளர்ந்தவர். நாடக மேடையில் ராணியாக நின்றவர். சினிமாவுக்கு வந்த முதல் நாளே அம்மா வேஷம் கொடுத்துவிட்டார்கள். மகனாக நடித்தவர் அக்காவைவிட மூன்று வயது மூத்தவராம். "அவரு வந்து என் காலைத் தொட்டப்போ எனக்கே கூச்சமாப் போச்சு. எந்திரிங்கண்ணேன்னு சொல்லிட்டேன். அந்த ஷாட்டு போச்சு" என்று சொல்லிச் சிரிப்பார். அதற்கப்புறம் இருபத்தைந்து வருடம் அம்மா, விதவை, பைத்தியக்காரி, பிணம். முதல் நாள் நான், "அம்மா, வாடகை வீடு இருக்குன்னு சொன்னாங்க" என்று கேட்டபோது உடனே திருத்தினார்: "அக்கான்னு கூப்பிடு. அம்மான்னு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு."

தன் வாயில் இயல்பாக வராத பேச்சை அவர் எப்படிப் பிடித்தார் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே, விவசாயக் குடும்பம். என் அம்மா பேச ஆரம்பித்தால் தெருவே நிற்கும். என் பிரசவத்துக்கு வந்திருந்த அம்மா, பால்காரரைப் பிடித்து ஏசிக்கொண்டிருந்தார்: "இம்புட்டுத் தண்ணிய ஊத்துறதுக்கு மாடு எதுக்குய்யா? வைகையை ஓட்டிக்கிட்டு வா!" அக்கா கீழேயிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். "மதினி, நல்லாயிருப்பீங்க, அதை இன்னொரு தடவை ஏசுங்க. எந்த எடத்துல மூச்சு விட்டீங்கன்னு பாக்கணும்." பால்காரரும் பாவம், மறுபடி ஏச்சு வாங்குவதற்காக நின்றார். ஆறு மாதம் கழித்து அந்த ஏச்சு தியேட்டரில் வந்தபோது என் அம்மா விசிலடித்தார்.

அழுகையைப் பற்றி அவர் சொன்ன ஒரு வார்த்தையை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். "கண்ணு அழக் கூடாது. மூக்கு முதல்ல அழணும். கண்ணு தடுக்கப் பாக்கணும். தோத்தாத்தான் தண்ணி வரணும்." இத்தனையும் தெரிந்த ஒருவருக்கு, சிரிக்கிற காட்சி ஒன்றைக்கூட யாரும் எழுதவில்லை.

ஆனால் அக்கா கேமரா முன்னால் சிரித்திருக்கிறார். உங்களுக்குத் தெரியும், வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. செத்துக் கிடக்கிற காட்சியை எடுத்து முடித்ததும், கேமராவை நிறுத்துவதற்கு முன்னால், பிணமாகக் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து சிரிக்க வேண்டும். அப்போதுதான் அந்தச் சாவு படத்தோடு போகும், ஆளைத் தொடாது என்று ஒரு வழக்கம். எடிட்டிங்கில் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிடுவார்கள். அக்கா முப்பது நாற்பது தடவை செத்திருக்கிறார். அத்தனை தடவையும் சிரித்திருக்கிறார். அத்தனை சிரிப்பும் குப்பைக்கூடையில்.

போன தை மாதம் நாகமலை அடிவாரத்தில் நடந்த ஷூட்டிங்குக்கு ஒரு கைக்குழந்தை தேவைப்பட்டது. அக்கா கயலைக் கேட்டார். எனக்குச் சளியிலிருந்து வெயில் வரைக்கும் ஆயிரம் பயம். என் அம்மா போனிலேயே கத்தினார்: "பொணம் கெடக்குற எடத்துக்குப் பச்சப்புள்ளையத் தூக்கிட்டுப் போறியாக்கும்?" அக்கா ரிசீவரை என்னிடமிருந்து வாங்கி, "மதினி, சாகப்போறதே நான்தான். எனக்கே பயமில்ல" என்றார்.

பெஞ்சில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் காசு, தாடையைச் சுற்றிக் கட்டு, மூக்கில் பஞ்சு. கயலை மார்பருகில் உட்கார வைத்தார்கள். குழந்தை அழ வேண்டும் என்பதுதான் காட்சி. அவளோ அழவில்லை. தினமும் கீழ் வீட்டில் பாடித் தூங்கவைக்கிற முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு நிதானமாக மூக்கிலிருந்த பஞ்சை உருவினாள். ஒரு பக்கம் முடித்து, அடுத்த பக்கம். அக்கா பல்லைக் கடித்துக் கிடந்தது எனக்குத் தெரிந்தது. இரண்டாவது பஞ்சை அவள் தன் வாயில் வைக்கப் போனபோது பிணம் பட்டென்று அவள் கையைப் பிடித்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தது.

"அம்மா! ஃபிலிம் ஓடுதும்மா!" என்று டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் என்னா தம்பி செய்ய? இவ என்னையச் சாக விடமாட்டேங்குறாளே!"

அந்த நேரம் தொப்பி போட்ட ஸ்டில்ஸ் அண்ணன் ஒருவர் ஓரமாக மண்டியிட்டு இரண்டு படம் எடுத்தார். நான் பார்த்தேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது.

அந்தக் காட்சியை மறுபடி எடுத்து முடிப்பதற்குள் வெயில் இறங்கிவிட்டது. அவசரமாகப் பேக்கப் சொன்னார்கள். கடைசியில் எழுந்து சிரிக்கிற ஷாட்டை யாரும் எடுக்கவில்லை. அதுதான் அக்கா கடைசியாகச் செத்த படம்.

அதனால்தான் இப்படி ஆகிவிட்டது என்று என் அம்மா சொல்கிறார். நான் பிஎஸ்சி இயற்பியல் படித்தவள், இதை நம்பவில்லை. ஆனாலும் இந்த ஐந்து நாளில், கயல் தூங்கும்போது, அந்தப் பஞ்சை உருவிய அவள் விரல்களைப் பார்த்தால் மனசு ஒரு மாதிரி ஆகிறது. நல்லவேளை, இதற்கான பதிலை அக்காவே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்று வேனில் திரும்பும்போது நானே கேட்டேன், "அக்கா, சிரிக்கிற ஷாட்டு எடுக்கலையே?" மடியில் தூங்கிய கயலின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அதான் சிரிச்சாச்சுல்ல. முன்னாடி சிரிச்சா என்ன, பின்னாடி சிரிச்சா என்ன? நான் இம்புட்டு வருசத்துல கேமரா முன்னாடி தானாச் சிரிச்சது இன்னிக்குத்தான்டி."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. அழுது முடித்தால் ஒரு சிரிப்பைப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். ஊசி போட்டாலும், கீழே விழுந்தாலும், கயல் சிரித்த பிறகுதான் அவளை மடியிலிருந்து இறக்குகிறேன். சிரிக்காவிட்டால் நான் சிரித்துக் காட்டுகிறேன். முன்பெல்லாம் அவளோடு சேர்ந்து நானும் அழுவேன்.

நான் கேட்பது இதுதான். பதிமூன்றாம் நாள் காரியத்தன்று கூடத்தில் இருக்கிற படத்தை இறக்கிவிட்டு நான் கொடுக்கிற படத்தை மாட்டுவதாகத் தம்பி மகன் ஒத்துக்கொண்டிருக்கிறார். அது அடுத்த சனிக்கிழமை. அந்த ஸ்டில்ஸ் அண்ணனை உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கும். மூக்கில் பஞ்சு இல்லாமல், நெற்றிக் காசு நழுவி, தாடைக்கட்டோடு ஒரு கிழவி குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம் அவரிடம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். அது கிடைக்காவிட்டால், பழைய துண்டு ஃபிலிமில் எழுந்து உட்கார்ந்து சிரிக்கிற ஒரு அக்கா யாரிடமாவது இருந்தாலும் போதும்.

இல்லை என்றாலும் இல்லை என்று ஒரு கார்டு போடுங்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.