சங்கு டயரும் சக்கர டயரும்

என் அக்கா வெள்ளத்தாயின் கணவர் சீனிச்சாமி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜகந்நாதன் என்பவரின் அம்பாசிடர் காரை ஒன்பது வருடமாக ஓட்டுகிறார். அக்காவும் பிள்ளைகளும் தளவாய்புரத்தில் இருக்கிறார்கள். ஒன்றும் பெரிய தூரமில்லை. ஆனால் ஜகந்நாதன் எப்போது கூப்பிடுவார் என்று தெரியாது. அதனால் அத்தான் கார் ஷெட்டிலேயே படுத்துக்கொள்வார். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால், சின்ன மகள் அவரைப் பார்த்து அக்காவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

காருக்கு நாலு புது டயர் போட்ட அன்று ஆண்டாள் கோயில் வாசலில் பூஜை நடந்தது. முடிந்ததும் ஜகந்நாதன் வெள்ளைப் பெயிண்டை எடுத்து, முன்பக்க இடது டயரில் சங்கும் வலது டயரில் சக்கரமும் சின்னதாக வரைந்தார்.

"டேய் சீனி, இது ரெண்டும் முன்னாடியேதான் இருக்கணும். பின்னாடி போச்சுன்னா அபசாரம்."

அது நடக்காத காரியம் என்று அத்தானுக்குத் தெரியும். முன் டயர் திருப்பத்தில் ஓரம் தேயும். பின் டயர் நடுவில் தேயும். அவ்வப்போது முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் குறுக்காக மாற்றிப் போட்டால்தான் நாலும் சமமாகத் தேயும். மாற்றாமல் விட்டால் ஒரு மழை நாளில் தேய்ந்த டயர் வழுக்கும். ஓட்டுகிறவரும் அவர்தானே.

அதனால் ரகசியமாக மாற்றினார். காற்று அடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ராஜபாளையம் ரோட்டில் சிவனாண்டியின் பஞ்சர் கடைக்குப் போவார். டயர்களை மாற்றிவிட்டு, பழைய படத்தைப் பெட்ரோலில் துடைத்து, முன்னால் வந்த டயரில் புதிதாக வரைவார். டீயைக் குடித்துக்கொண்டு யார் எப்போது கூப்பிடுவார்களோ என்ற நினைப்பில்லாமல் அவர் உட்கார்ந்திருந்தது அந்தக் கடையில் மட்டும்தான்.

"ஏலே சீனி, போன தடவ நீ வரஞ்சது சங்காலே? நத்தை மாதிரில்லா இருந்துச்சு," என்பார் சிவனாண்டி.

"சும்மா கிடலே. அவிய கண்ணாடி போட்டுப் பாக்கவா போறாவ?"

டயர்கள் சீக்கிரம் தேயாமல் ஓடின. பக்கத்து வீட்டுக் கார் இரண்டு செட் மாற்றிவிட்டது. சங்கு சக்கரத்தின் மகிமையும் சீனியின் கைராசியும்தான் காரணம் என்று ஜகந்நாதன் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

போன வருடம் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஆள் ஏற்றும் பஸ்ஸுக்கு டிரைவர் தேடினார்கள். வேலை முடிந்ததும் தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம். மில் மேனேஜர் ஜகந்நாதனின் அண்ணன் மகன். "சித்தப்பா சரின்னா நாளைக்கே வா," என்றார் அவர்.

சித்தப்பா சரி என்று சொல்லவில்லை. "உன் கைராசியை வேற எவன்கிட்டடா தேடுவேன்?" என்று சிரித்தார். இரண்டாம் தடவை கேட்டபோது சிரிக்கவும் இல்லை.

கைராசி இல்லை என்று தெரிந்தால் விடுவாரா? கோபத்தில் துரத்திவிட்டு, மில்லுக்கும் போகவிடாமல் செய்தால்? அத்தான் அக்காவிடம் கேட்டார்.

"சொல்லிப்புடுங்க. வஞ்சா வஞ்சிட்டுப் போறாவ," என்றாள் அக்கா. "இந்தப் பிள்ள ஒங்களப் பாத்து யாரு இதுன்னு கேக்கு."

மறுநாள் காலையில் ஷெட்டு வாசலில் வைத்து அத்தான் எல்லாவற்றையும் சொன்னார். "ராசியெல்லாம் இல்ல சாமி. மாத்தி மாத்திப் போட்டா யாரு வண்டியும் இப்படித்தான் ஓடும்."

ஜகந்நாதன் காரைச் சுற்றிப் பின்பக்கம் வந்தார். பிறகு குனிந்து பின் டயரைப் பார்த்தார்.

"இதிலேயும் சங்கு இருந்துதா?"

"இருந்துச்சு சாமி."

"அதிலே?"

"அதுல சக்கரம்."

அவர் பின் டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அப்போ நாலுமே பெருமாள் டயர். நான் ரெண்டுக்குத்தான் கைங்கரியம் செஞ்சேன், நீ நாலுக்கும் செஞ்சிருக்கே. உன்னை எப்படிடா அனுப்புவேன்?"

உள்ளே போய் மேனேஜருக்குப் போன் போட்டார். வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னது வாசல்வரை கேட்டது.

மில் பஸ்ஸைச் செட்டியார்பட்டிக்காரர் ஒருவர் ஓட்டுகிறார். இப்போது அத்தான் பஞ்சர் கடைக்குப் போவதில்லை. டயர் மாற்றுவதெல்லாம் ஷெட்டிலேயே நடக்கிறது. ஜகந்நாதன் நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி நட்டு முறுக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்.