விழுந்தவளுக்குப் போன வாழ்த்து

எங்கள் தெருவில் விரதம் இருக்காத பெண்கள் குறைவு. வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி, கௌரி காப்பு என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். ஆனால் ஜப்பானில் நடந்த ஒரு பனிச்சறுக்கு நடனப் போட்டியில் யாரோ ஒருத்தி இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டாள் என்பதற்காக இரண்டு நாள் சோறு தொடாமல் கிடந்தவள் என் அக்கா மட்டும்தான். இது எந்தச் சாமிக்கு என்று பக்கத்து வீட்டு மாமி விசாரித்தபோது, அவளுக்கு வயிறு சரியில்லை என்று சொல்லி அம்மா சமாளித்தார்.

அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் லோஞ்ச் ஓட்டினார். குடாவில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு மரக்கறியும் தண்ணீரும் கொண்டுபோவதும், மாலுமிகளைக் கரைக்கு ஏற்றி வருவதும் அவர் வேலை. புல்மோட்டைக் கறுப்பு மணலை ஏற்ற ஒரு ஜப்பான் கப்பல் வருடத்தில் மூன்று நான்கு தடவை வரும். அதில் தந்தியும் வானொலியும் பார்த்த மனிதருக்கு அப்பாவைப் பிடித்துப்போயிற்று. கண்ணாடி போட்டவர், கொஞ்சம் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் என்று அப்பா சொல்வார். தான் வாசித்து முடித்த சஞ்சிகைகளை அவர் கட்டாகக் கட்டி அப்பாவிடம் கொடுத்துவிடுவார். ஜப்பான் எழுத்து எங்களுக்கு எங்கே தெரியும்? ஆனால் அந்த வழுவழுப்பான தாளில் கொப்பிக்கு உறை போட்டால் ஒரு தவணை முழுக்கக் கிழியாது.

விலங்கியல் கொப்பிக்கு அப்படி உறை போடும்போதுதான் அக்கா அந்தப் படத்தைக் கண்டாள். கட்டைச் சட்டை போட்ட ஒரு பெண் பனித்தரையில் ஒற்றைக் காலில் நின்றாள். மற்றக் காலைப் பின்னால் தலைக்கு மேலே தூக்கியிருந்தாள். இரண்டு கைகளும் விரிந்திருந்தன. அக்கா அந்தத் தாளை மடிக்கவில்லை. அடுத்த தடவை கப்பல் வந்தபோது படத்தை அப்பாவிடம் கொடுத்து, இது யார் என்று கேட்டு வரச் சொன்னாள். கப்பல்காரர் படத்தின் ஓரத்தில் அந்தப் பெண்ணின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். நாட்டுச் சம்பியன் போட்டியில் அவள் இரண்டாம் இடம் என்றும், முதலாவதாக வருகிறவளைத்தான் உலகப் போட்டிக்கு அனுப்புவார்கள் என்றும் கீழே எழுதியிருந்தார். அந்தப் பெயரை அப்பா ஒருவிதமாகச் சொன்னார். நான் வேறுவிதமாகச் சொன்னேன். அக்கா பெயரே சொல்வதில்லை. "எங்கடை பிள்ளை" என்றுதான் சொல்வாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பனி என்றால் எனக்குத் தெரிந்தது மீன் சந்தைக்கு உமிக்குள் புதைத்துக் கொண்டுவரும் ஐஸ்கட்டிதான். அதன்மேல் ஒரு ஆள் எப்படி ஒற்றைக் காலில் நிற்பது என்று அக்காவைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போனாள். லொறியிலிருந்து இறக்கி வைத்திருந்த ஒரு கட்டியின்மேல், செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை வைத்தாள். "பிள்ளை, அது மீனுக்கு!" என்று லொறிக்காரர் சத்தம் போட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா அவசரப்படாமல் காலை எடுத்தாள். உள்ளங்கால் சிவந்திருந்தது. "இதிலை விழுந்தா எப்பிடி நோகும்" என்றாள்.

அக்கா வைத்தியம் படிக்க ஆசைப்பட்டாள். தமிழில் சோதனை எழுதுகிறவர்களுக்குக் கூடுதல் புள்ளி வேண்டும் என்று அரசாங்கம் வைத்திருந்த காலம் அது. முதல் தடவை சில புள்ளிகளால் தவறிப்போயிற்று. இரண்டாம் தடவையும் அப்படியே. அதே இரண்டு வருடமும் ஜப்பானில் அந்தப் பெண்ணும் இரண்டாம் இடத்துக்கே வந்தாள். முதல் வருடத்துச் சங்கதியைக் கப்பல்காரர் எழுதி அனுப்பினார். இரண்டாம் வருடம், ஜப்பானிலிருந்து வரும் ஆங்கில ஒலிபரப்பை எங்கே பிடிக்கலாம் என்று அவரே ஒரு துண்டில் குறித்துக் கொடுத்திருந்தபடியால், அப்பாவின் றேடியோவில் அக்கா தானே கேட்டாள். பாயில் போய்ச் சுருண்டு படுத்தது அன்றைக்குத்தான்.

"ஆரோ ஒருத்தி எங்கேயோ வழுக்கினதுக்கு நீ ஏன் பட்டினி கிடக்கிறாய்?" என்று அம்மா கத்தினார். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பாயின் ஓரத்தில் இருந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா செத்துப்போவாளோ என்ற பயம் எனக்கு.

மூன்றாம் வருடம் மார்கழி. மழை விட்டபாடில்லை. செவ்வாய்க்கிழமை அக்காவுக்குச் சோதனை தொடங்குகிறது. அது கடைசித் தடவை. அதற்குமேல் எழுத விடமாட்டார்கள். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஜப்பான் போட்டியின் முடிவு வானொலியில் வரவேண்டும். அதே பின்னேரம் ராகு காலம் தொடங்குவதற்கு முதல் பெண் பார்க்க வருவதாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளை மட்டக்களப்பில் கிளாக்கர். சீதனம் என்று வாய் திறக்காத குடும்பம். அம்மா இரண்டு கோயிலுக்கு நேர்த்தி வைத்திருந்தார்.

அக்காவை அறையில் இருத்தித் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, றேடியோவைக் குசினிக்குப் பின்னால் கொண்டுபோகச் சொன்னாள். "பேர் வாற இடத்திலை மட்டும் வடிவாய்க் கேள். என்ன இடம் எண்டு கேட்டுக்கொண்டு ஓடி வா." அந்தப் பெயரை வானொலிக்காரர்கள் சொல்கிற மாதிரி எனக்குப் பத்துத் தடவை சொல்லிக் காட்டினாள். என் ஆங்கிலம் ஐந்தாம் வகுப்பு ஆங்கிலம்.

குசினித் தாழ்வாரத்தில் மழைத்தண்ணீர் காலில் தெறிக்க நின்றேன். றேடியோவின் கம்பியைக் கொடிக்கம்பியில் முட்டவைத்துப் பிடித்துக்கொண்டேன். இரைச்சலுக்குள் ஒரு ஆண் குரல் ஏதேதோ சொல்லிக்கொண்டு போயிற்று. பிறகு அந்தப் பெயர் வந்தது. அதற்கடுத்து வந்த ஒரு சொல் எனக்கு விளங்கியது. பள்ளிக்கூடத்தில் இறந்தகால வினைகள் பாடமாக்கிய வருடம் அது. விழுந்தாள் என்பதுதான் அந்தச் சொல். கொஞ்சம் பொறுத்து அதே சொல் மறுபடியும் வந்தது.

நான் றேடியோவை நிறுத்திவிட்டேன். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அறைக்குள் போனபோது அக்கா கையில் பலகாரத் தட்டோடு புறப்பட ஆயத்தமாக நின்றாள். கனகாம்பரம் வைத்து, புதுச் சீலை உடுத்தி, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் நின்றாள். கண் மட்டும் என்னைக் கேட்டது. பாயில் அவள் சுருண்டு கிடந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

"அவ வெண்டிட்டா" என்றேன்.

"என்ன?"

"முதலாமிடம், அக்கா. வெண்டிட்டா."

அக்கா தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்தாள். என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நான் நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

விறாந்தையில் மாப்பிள்ளையின் தாய் அக்காவைப் பக்கத்துக் கதிரையில் இருத்தி, கலியாணத்துக்குப் பிறகு இந்தச் சோதனை, படிப்பு ஒன்றும் வேண்டாம், வீட்டில் சும்மா இருக்கலாம் என்று அன்பாகத்தான் சொன்னார். அக்கா தலையை நிமிர்த்தினாள்.

"குறை நினைக்காதேங்கோ அம்மா. நாளையிண்டைக்கு எனக்குச் சோதனை. இந்தமுறை நான் பாஸ் பண்ணுவன். எனக்கு இப்ப கலியாணம் ஏலாது."

அம்மா கையிலிருந்த தேத்தண்ணீர்க் கோப்பையை ஒருவருக்கும் நீட்டாமல் மேசையில் வைத்துவிட்டார். மாப்பிள்ளை அமைதியான மனிதர். "அவ சோதினையை எழுதட்டும், பிறகு கதைப்பம்" என்று மெதுவாகச் சொன்னார். ஆனால் தாய் எழுந்துவிட்டார். மகனும் எழும்பவேண்டி வந்தது. மழைக்குள்ளேயே குடையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். அக்கா புத்தகத்தை எடுத்துக்கொண்டு இருந்துவிட்டாள். பலகாரம் முழுவதும் மிஞ்சிப்போய் நான் மூன்று நாள் தின்றேன்.

சோதனை முடிந்த பிறகு அக்கா கடிதம் எழுதத் தொடங்கினாள். ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு எழுதி, வெட்டி, திரும்ப எழுதினாள். பொங்கலுக்குப் பிறகுதான் முடிந்தது. எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். இரண்டு தடவை கைவிட்டுப் போனது மூன்றாம் தடவை உங்கள் கைக்கு வந்துவிட்டது. நீங்கள் முதலாவதாக வந்த செய்தி எனக்குக் கிடைத்த அந்த நிமிடம் நானும் ஒரு முடிவு எடுத்தேன். என் முடிவும் நல்லதாக அமையும் என்று இப்போது நம்புகிறேன். உங்களுக்கு என் வாழ்த்துகள். இப்படிப் போயிற்று அது. சஞ்சிகையின் கடைசிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்த விலாசத்தை உறையில் எழுதி, அவளிடம் சேர்க்கவும் என்று மேலே குறித்தாள். தபாற்கந்தோருக்குக் கொண்டுபோகச் சொல்லி என்னிடம் தந்தாள்.

சிவப்புப் பெட்டிக்கு முன்னால் நான் கொஞ்சநேரம் நின்றேன். இப்போதாவது சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்னால் அம்மா அடிக்க ஈர்க்குக்கட்டை எடுப்பார். கடிதம் போகிற இடம் கடலுக்கு அப்பால்; அங்கே போனது எங்கே திரும்பி வரப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பெட்டிக்குள் போட்டேன்.

பங்குனியில் கப்பல் வந்தது. அப்பா சஞ்சிகைக் கட்டை மழைக்கடதாசியில் சுற்றிச் சந்தோசமாகக் கொண்டுவந்தார். கப்பல்காரர் படத்துக்குக் கீழே வழமைபோல எழுதியிருந்தார். பக்கம் முழுவதும் ஒரே படம்தான். அந்தப் பெண் பனித்தரையில் ஒரு கையை ஊன்றி இருந்தாள். எழும்ப முயன்றாளோ, முயலவில்லையோ, தெரியவில்லை. கீழே நான்காம் இடம் என்றும், இனி ஆடமாட்டாள் என்றும் எழுதியிருந்தது.

அக்கா அதை வாசித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்து நான் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"நீ கேட்டனியோ?"

"ஓம்."

"என்ன கேட்டனி?"

"விழுந்தவ எண்டு."

"அதுக்குப் பிறகு என்ன சொன்னவை?"

"தெரியாது. நான் நிப்பாட்டிப்போட்டன்."

அக்கா என்னை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. படத்தைத் திரும்பவும் ஒருதரம் பார்த்தாள். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, "என்ரை கடுதாசி இப்ப அவளிட்டைப் போயிருக்கும். வாசிச்சிருப்பாள். ஆரோ ஒருத்தி இவ்வளவு தூரத்திலை இருந்து நக்கலடிக்கிறாள் எண்டெல்லே நினைச்சிருப்பாள்" என்றாள். அப்போதுதான் அவள் அழுதாள். எனக்கு அடி விழாது என்பது நிச்சயமானதில் நான் பின்பக்கத்தால் விளையாடப் போய்விட்டேன்.

அவள் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தருவாள், இந்த முறை ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வரவேண்டும் என்று நான் காத்திருந்தேன். இரண்டொரு நாள் அகராதி மேசையில் திறந்து கிடந்தது. பிறகு அது அலுமாரிக்குள் போய்விட்டது. சித்திரை கழிந்து சோதனை முடிவு வந்தது. அக்காவின் இலக்கம் அதில் இல்லை. மட்டக்களப்பு மாப்பிள்ளைக்கு அதற்கிடையில் வேறு இடத்தில் கலியாணம் முடிந்திருந்தது. அக்கா மனம் மாறியிருக்கிறாளா என்று தை மாதத்தில் ஒரு தடவை அவர் அப்பாவிடம் ஆள் விட்டுக் கேட்டாராம். அக்காதான் இல்லை என்று சொல்லச் சொன்னாளாம். அது எனக்குப் பல வருடம் கழித்துத் தெரிந்தது.

ஆவணியில் திரியாயிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மனைவியை இழந்தவர், வயல்காரர், ஐந்து வயதில் ஒரு மகன். அம்மாவுக்கே அதைக் கேட்க வாய் வரவில்லை. குசினி வாசலில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அரிசி அரித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்க்காமலே "ஓம்" என்றாள். உலை வைக்கட்டோ என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள். இந்த நிறச் சீலை போதுமோ? ஓம். உன்ரை புத்தகங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கட்டோ? ஓம். நாளைக்குக் கலியாண எழுத்து வைப்பமோ? ஓம். அம்மா ஏசுவதை நிறுத்திவிட்டார், அப்பா வேளைக்கு வீட்டுக்கு வந்தார், யாரும் பட்டினி கிடக்கவில்லை, யாரும் அழவில்லை. நானும் ஒரு நாள் துணிந்து, "அக்கா, என்னோடை கோவம் இல்லைத்தானே?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் அதற்கும் "ஓம்" என்றாள்.

எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில், பக்கத்தில் இருந்த பிள்ளையிடம், எங்கள் அக்காவுக்கு இப்போது எல்லாம் சுகமாகிவிட்டது என்று சொன்னேன்.