இடப்பக்க ஸ்பீக்கர்

இடப்பக்க ஸ்பீக்கரை உப்புக்காற்று தின்றுவிட்டது என்றுதான் முதலில் நம்பினேன். உண்மையில் செத்துக்கொண்டிருந்தது என் இடது காது. தொண்டியில் குடியிருப்பவனுக்கு அது தோன்றாது. இங்கே மிக்சி நின்றாலும் உப்பு, ஜன்னல் கம்பி ஒடிந்தாலும் உப்பு. ஒரு காலையில் பழைய ஸ்டீரியோ செட்டின் முன் உட்கார்ந்தால், பாட்டு மொத்தமும் வலப்பக்கமிருந்தே வந்தது. எழுந்துபோய் இடப்பக்க ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தேன். எந்தக் காதை? இடது காதைத்தான். மேதை அல்லவா! உஸ்ஸென்று ஓர் இரைச்சல் மட்டும். செட்டு போச்சு என்று முடிவுகட்டி ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

"வீட்டுக்குச் சின்னதா ஒரு ஸ்டீரியோ ரிசீவர் வேணும். ரேடியோ எடுக்கணும், போன்ல இருக்க பாட்டும் பாடணும். சத்தம் கூட்டிக் குறைக்க ஒரு திருகு போதும். விலை கையக் கடிக்கக் கூடாது," என்றேன் கடைக்காரரிடம்.

"இப்ப எல்லாரும் அஞ்சு ஸ்பீக்கர் செட்டுதாண்ணே எடுக்குறாக."

"எனக்கு இருக்குறது ரெண்டு காதுதானப்பா."

கடையே சிரித்தது. அந்தக் கணக்கும் தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒன்றை மாட்டினார். இடப்பக்கம் ஊமை. இன்னொன்றை மாட்டினார். அதுவும் அப்படியே.

"என்னப்பா, இடப்பக்கம் பாடல. இங்கன வரைக்கும் உப்பு வந்துருச்சா?"

"அண்ணே, இப்பத்தான் பெட்டியவே பிரிச்சேன்! இருங்க, வயர மாத்திச் சொருகுறேன்."

இடது வயரை வலதிலும் வலது வயரை இடதிலும் சொருகினார். அப்போதும் பாட்டு வலப்பக்கமே நின்றது. அவர் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

புரிந்துவிட்டது. புரிந்தவன் ஆஸ்பத்திரிக்குத்தானே போக வேண்டும்? "யோசிச்சுட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குள் நுழைந்தேன். ரிசீவர் கெட்டால் வேறு வாங்கலாம். காதுக்கு எந்தக் கடைக்குப் போவது? கெட்டது ரிசீவராகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாரக்கணக்கில் கடை கடையாக ஏறி இறங்கினேன். எத்தனை வாட் என்று கேட்டேன், வாரண்டி கேட்டேன், பின்பக்கத்துத் துளைகளையெல்லாம் குனிந்து பார்த்தேன். பெரிய சங்கீத ரசிகன் என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு சாயங்காலம், கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மனைவியிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்: "என்ன, கொஞ்ச நாளாக் கடல் ஓயாம இரையுது?"

அவள் திரும்பினாள். "நம்ம கடல் என்னைக்குங்க இரைஞ்சுச்சு? தனுஷ்கோடிக்குத் தெக்க ஆண்கடலுதான் இரையும். இது பெண்கடலு. கம்மாத் தண்ணி மாதிரில்ல கெடக்கு."

"அப்ப அந்த ஆண்கடலு என் காதுக்குள்ள குடிவந்துருச்சு போல."

அவள் சிரிக்கவில்லை. "டிவிய அலற விடுறப்பவே நெனச்சேன். கெளம்புங்க."

மறுநாள் காது டாக்டர் சோதித்துப் பார்த்தார். "கேக்கலைன்னதும் வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம். இத்தன நாள் என்ன செஞ்சீங்க?"

"ரிசீவர் பாத்துக்கிட்டிருந்தேன் சார்."

இடது காது திரும்பவில்லை. முதல் கடைக்கே போய், இருந்ததில் எளிமையான, விலை குறைந்த ரிசீவரை வாங்கினேன். இரண்டு பக்கத்துப் பாட்டையும் ஒன்றாக்கித் தரும் மோனோ பொத்தான் அதில் உண்டு. அதை அமுக்கியபடியே வைத்திருக்கிறேன்.