பின்னாடி இருக்கு

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் காத்தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். மூலைக்கடைக்காரரின் பெண்டாட்டி. அவள் ஓர் இடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கணவர் கல்லாவில் ஆணியடித்தது போல உட்கார்ந்திருப்பார். அவள் பருப்பு மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவே சுற்றிக்கொண்டே இருப்பாள்.

ஒரு காலத்தில் அங்கே மூலைக்கு மூலை கடைதான். எல்லாமே குடும்பக் கடை. கீழே வியாபாரம், மாடியில் படுக்கை. மெயின்ரோட்டில் கண்ணாடிக் கதவு வைத்த பெரிய கடை வந்ததும் ஒவ்வொன்றாக இழுத்து மூடினார்கள். ஒன்று செல்போன் கடையானது, ஒன்று முடிவெட்டும் கடையானது. மிஞ்சியது இவர்கள் கடைதான். அதையும் ஒரு கடை என்பதா, இரண்டு என்பதா?

அவளுடைய மாமனார் தொடங்கியபோது அது ஒரே கடை, இரண்டு தெருவுக்கும் வாசல். அவர் படுக்கையில் விழுந்ததும் பிள்ளைகள் இருவரும் முட்டிக்கொண்டார்கள். நடுவில் சுவர் எழுந்தது. அரிசி, பருப்பு, சர்க்கரை அண்ணனான அவள் கணவருக்கு. சோப்பு, நூல், ஊசி, பல்ப் எல்லாம் தம்பிக்கு. தராசு அண்ணனுக்கு, எடைக்கல் தம்பிக்கு. சிரிக்காதீர்கள், அப்படித்தான் பிரித்தார்கள்; கல்லை அண்ணன் பிறகு தனியாக வாங்கிக்கொண்டார். ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை என்றும் பேச்சாயிற்று. மாமனார் படுத்தபடியே ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: கல்லாவுக்குப் பின்னால், அந்தச் சுவரில் ஒரு சின்னக் கதவு.

பெண்டாட்டிகள் சண்டை போடவில்லையே. யாராவது சோப்புக் கேட்டால் கணவர் "பின்னாடி இருக்கு" என்பார். 'இல்லை' என்ற சொல் அந்தக் கடையில் யார் வாயிலும் வராது. மாமனார் பழக்கிய பழக்கம் அது. காத்தாடி போய்க் கதவைத் தட்டுவாள். தம்பி பெண்டாட்டி சோப்பை நீட்டுவாள், கூடவே தெருக்கதையையும். காத்தாடிக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை அவள்தான். பின்னாடி என்றால் எங்கே என்று கணவருக்குத் தெரியாதா? தெரியும். திரும்பிப் பார்க்கமாட்டார், அவ்வளவுதான்.

குளிர்பானக் கம்பெனிக்காரன் வந்து ஆசை காட்டினான். ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி, இலவசம். பெரிய கடைக்கு ஈடுகொடுக்க இதுதான் வழி என்று கணவர் பிடித்துக்கொண்டார். பெட்டி நிற்பதற்குக் கதவை அடைக்க வேண்டும் என்றார். காத்தாடி நயமாகச் சொல்லிப் பார்த்தாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். கொத்தனார் வந்து செங்கல் வைத்து அடைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கை தானாகத் தாழ்ப்பாளைத் தேடிப் போய்ச் சில்லென்ற கண்ணாடியில் இடிக்கும். அந்தப் பக்கம் தம்பி பெண்டாட்டி இருமுவது கேட்கும். என்ன ஏது என்று கேட்க வழியில்லை. பெட்டி ஓயாமல் இரைந்தது. அடுக்கிய டப்பாக்களையே மறுபடி அடுக்கினாள். துடைத்த தராசையே துடைத்தாள்.

ஒருநாள் காலை பஸ் கண்டக்டர் ஒருவர், பையைப் பின்பக்கம் பிடித்தபடி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து வந்தார்.

"ஊக்கு இருக்கா?"

"பின்னாடி இருக்கு" என்றார் கணவர், பழக்கதோஷத்தில்.

கண்டக்டருக்கு முகம் செத்துவிட்டது. "பின்னாடிதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அவ்வளவு நல்லாவா தெரியுது?"

காத்தாடிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கணவர் வழக்கம்போல அவளைப் பார்த்தார். அவளோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேவிட்டாள்.

"என்னைப் பாக்காதீங்க. பெட்டிக்குள்ள புகுந்தா போக முடியும்?"

"இப்ப என்னடி பண்றது?"

"இல்லைன்னு சொல்லிடுங்க."

கணவர் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. பஸ் கிளம்பிவிடும் என்று கண்டக்டர் தவித்தார். கடைசியில் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி, மூலையைத் திரும்பினார். கூப்பிடு தூரம்கூட இல்லை. ஆனால் சுவர் எழுந்த நாளிலிருந்து அவர் கால் அந்தப் பக்கம் போனதில்லை.

அவளால் உட்கார முடியவில்லை. பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சுவரில் காதை வைத்தாள். ஒரு சத்தமும் இல்லை. கைகலப்போ என்று காதை இன்னும் அழுத்தினாள். பிறகு கொழுந்தன் குரல் கேட்டது.

"பெரிய ஊக்கா, சின்னதாண்ணே?"

கணவர், "எவ்வளவு கிழிஞ்சிருக்குன்னு பாக்காம வந்துட்டேனே" என்றார்.

ஊக்கைக் கொடுத்துக் கண்டக்டரை அனுப்பியவர், அவள் முகத்தைப் பார்க்காமலே சர்க்கரையை நிறுத்தார். "அவங்க வீட்ல சர்க்கரை தீர்ந்துபோச்சாம். அந்தப் பொண்ணுக்கு இருமல் வேற" என்று முனகிக்கொண்டே மறுபடி மூலையைத் திரும்பினார்.

அண்ணனும் தம்பியும் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறவளா அவள்? பக்கத்தில் வேலையாக இருந்த கொத்தனாரைக் கையோடு கூட்டி வந்தாள்.

"அதான் அவரே நடந்து போறாரேம்மா" என்றார் கொத்தனார். "அன்னிக்கு அடைக்கச் சொல்லிட்டு இன்னிக்கு இடிக்கச் சொன்னா எப்படி?"

"அவர் போவாரு, வருவாரு. எனக்குக் கதவு வேணும். அடைக்கச் சொன்னது அவரு. இடிக்கச் சொல்றது நான்."

"அப்ப பெட்டி?"

"அது தெருவைப் பாத்துட்டு வாசல்ல நிக்கட்டும்" என்றவள், அவர் கை வைக்கும் முன்பே பெட்டியை ஒரு பக்கமாக நெம்பி நகர்த்தத் தொடங்கிவிட்டாள்.